சத்தம் நின்ற கிணறு

மழை விட்ட பிறகும் தவளைகள் கத்தவில்லை.

கிணற்றடியில் ஈரப் புடவையோடு நின்ற ஜெயலக்ஷ்மிக்கு ஏதோ ஒன்று குறைகிறது என்று மட்டும் பட்டது. என்ன குறைகிறது என்று பிடிபடுவதற்குள் அரை வாளித் தண்ணீர் தீர்ந்துவிட்டது. வாழை இலையிலிருந்து மழைநீர் சொட்டிக்கொண்டிருந்தது. கச்சேரி ரோட்டில் பஸ் ஒன்று உறுமிக்கொண்டு திரும்பியது. கோவில் பக்கமிருந்து மணியோசை ஈரக் காற்றில் அமுங்கி வந்தது. அவள் மேலிருந்து வழிந்த தண்ணீர் சிமெண்டுத் தரையில் ஓடி, எங்கேயோ இறங்கி, கிணற்றுக்குள் சொட்டியது. டொக். டொக். அவ்வளவுதான். அதற்கு மேல் ஒன்றுமே கேட்கவில்லை.

சித்திரைக்குளத்துக்குப் பின்னால் இருக்கிற அந்தச் சந்தில் ஐப்பசி மழை பிடித்துவிட்டால் தவளைக் கச்சேரிக்குப் பஞ்சம் கிடையாது. 'சபாக்காரா மார்கழியிலதான் ஆரம்பிப்பா. நம்மாத்துலே ஐப்பசியிலேயே சீசன், அதுவும் ஓசியிலே' என்று அவள் கணவன் சாய்நாத் வருஷா வருஷம் அதே கேலியைச் செய்வான். கிணற்றுக்குள் நாலைந்து, வாழையடிச் சேற்றில் ஒரு கும்பல், துவைக்கிற கல்லுக்கு அடியில் குரல் கரகரத்த ஒரு தடியன். அவள் வாளியைத் தூக்கி ஊற்றும்போது மட்டும் எல்லாம் வாயை மூடும். சொட்டுச் சத்தம் ஓய்ந்ததும் தடியன் முதலில் அடியெடுத்துக் கொடுக்கும். இன்று சொட்டுச் சத்தம் ஓய்ந்து வெகுநேரம் ஆகியும் யாரும் அடியெடுக்கவில்லை.

சமையலறைப் படியில் ஸ்நேஹா வந்து நின்றாள். இரண்டாம் வகுப்புப் படிக்கிற பெண். பாவாடையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகியிருந்தாள்.

"அம்மா, இன்னிக்குத் தவளைப் பாட்டு கெடையாதா?"

"மழை சரியா வரலையோ என்னமோடி. உள்ளே போ, சில்லுனு இருக்கு."

சொல்லிவிட்டாளே தவிர, தெருவெல்லாம் முழங்கால் தண்ணீர் நிற்கிற நாளில் மழை சரியாக வரவில்லை என்பது எந்த ஊர் நியாயம்?

தினமும் காலேஜிலிருந்து வந்தால் ஜெயலக்ஷ்மி வாசல் வழியாக வீட்டுக்குள் நுழைவதில்லை. கல்யாணப் பேச்சின்போதே முடிவான ஒப்பந்தம் அது. பெண் அடையாறில் ஒரு பெண்கள் கல்லூரியில் ஜூவாலஜி லெக்சரர், தவளையை அறுத்துப் பாடம் எடுப்பவள் என்று தெரிந்ததும் மாமியாருக்கு முகம் சுண்டிவிட்டது. 'உத்தியோகத்தை விடச் சொல்லலே. அந்தக் கையோட ஆத்துக்குள்ளே வராதேன்னுதான் சொல்றேன்' என்றாள். மாமியார் போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகியும் ஜெயலக்ஷ்மி அந்தப் பழக்கத்தை விடவில்லை. பக்கவாட்டு நடை வழியாகக் கொல்லைப்புறம் வருவாள். கிணற்றில் இரைத்து உடம்பில் ஊற்றிக்கொள்வாள். லேபில் போட்டிருந்த வெள்ளைக் கோட்டைக் கல்லில் நாலு அறை அறைந்து அலசிக் கொடியில் போடுவாள். அதன் பிறகுதான் சமையலறைப் படி. 'விஞ்ஞானிக்கு இத்தனை மடியா?' என்று சாய்நாத் சீண்டுவான். 'இதுக்குப் பேர் ஹைஜீன்' என்பாள் அவள். வெளி அழுக்கு ஒரு பொட்டுகூட உள்ளே வராது என்பதில் அவளுக்கு ரகசியமாக ஒரு பெருமையே உண்டு.

இந்த வாரம் அந்தக் கோட்டை வழக்கத்தைவிட அதிகமாக அலச வேண்டியிருந்தது. லேபுக்கு வந்த தவளைகள் சரியில்லை. அட்டெண்டர் தனபாலன் ஈரச் சாக்கு மூட்டையைச் சிமெண்டுத் தொட்டியில் கவிழ்த்த அன்றே முகத்தைச் சுளித்தான்.

"இன்னா மேடம் இது, இந்த லோடு புல்லா தூங்குமூஞ்சியா கீது. கைய வுட்டாகூட ஒண்ணும் எகிற மாட்டேங்குது."

பட்டப்பகல் வெளிச்சத்தில், பின்னங்கால்களைப் பரப்பிப் போட்டுக்கொண்டு, எதைக் கண்டும் பயப்படாமல் அவை உட்கார்ந்திருந்தன. அடிவயிறு சிவந்திருந்தது. தவளைக்கு விலா எலும்பு கிடையாது, அதனால் மூச்சு விடும்போது மார்பு விரியாது, தொண்டையைத் துருத்தி மாதிரி அடித்துக் காற்றை விழுங்கும் என்று மாணவிகளுக்குக் காட்டுவதற்காக அவள் ஒன்றைக் கையில் எடுத்தாள். உடம்பு நழுவிக் கீழே விழுந்தது. தோல் மட்டும் அவள் விரல்களுக்கு நடுவே நின்றது, கழற்றிய கையுறை மாதிரி. ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள். ஜெயலக்ஷ்மி கையைக் கோட்டில் துடைத்துக்கொண்டு, ஒன்றும் நடக்காததுபோல் மேலே பாடம் நடத்தினாள்.

மறுநாள் காலை கிணற்றடிக்கு வந்தவள் படியிலேயே நின்றுவிட்டாள்.

தவளைகள் வெளியே வந்திருந்தன. கிணற்றின் கைப்பிடிச் சுவரில், துவைக்கிற கல்லின்மேல், படிக்குக் கீழே. வெயில் அடிக்கிறது, காக்காய் மதில்மேல் உட்கார்ந்து பார்க்கிறது, ஒன்றாவது நகர வேண்டுமே? எல்லாம் வீட்டைப் பார்த்து உட்கார்ந்திருந்தன. தடியனும் இருந்தது. அதன் முதுகில் சாம்பல் நிறச் சவ்வு உரிந்து தொங்கிக்கொண்டிருந்தது.

லேபில் செய்கிற சோதனைதான், கை தன்னால் செய்துவிட்டது. குச்சியால் தடியனைப் புரட்டி மல்லாக்கப் போட்டாள். உயிரோட்டமுள்ள தவளை அரைக் கணத்தில் துள்ளிக் குப்புற விழும். இது மல்லாந்தபடியே கிடந்து வானத்தைப் பார்த்தது. தொண்டை மட்டும் அடித்துக்கொண்டது.

"அது ஏம்மா திரும்பலே?"

ஸ்நேஹா எப்போது பின்னால் வந்து நின்றாள் என்று தெரியவில்லை.

"ஒடம்பு சரியில்லே அதுக்கு. தொட்டியா நீ? கையைக் காட்டு."

குழந்தை கையை நீட்டினாள். உள்ளங்கை சில்லென்று, வழவழவென்று இருந்தது. கிணற்றுத் தண்ணீரில்தானே முகம் கழுவிவிட்டு வந்திருக்கிறாள், அப்படித்தான் இருக்கும் என்று ஜெயலக்ஷ்மி மனசைத் தட்டிக்கொடுத்தாள்.

மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து அடுத்த வீட்டுத் தங்கத்தின் தலை எட்டிப் பார்த்தது. தெற்கு மாட வீதியில் பாத்திரக்கடை வைத்திருக்கிற திருநெல்வேலிக் குடும்பம்.

"ஏன் மாமி, ஒங்க வீட்டுத் தவள சத்தத்தையே காணோமே? எங்க வீட்டுக்காரவகூட சொன்னாவ, இன்னைக்குத்தான் நிம்மதியாத் தூங்குனோம்னு." அவள் சிரித்தாள். கல்லைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. "யாத்தே! இதென்ன மாமி, எல்லாம் சாமி கும்புடுத மாதிரி வீட்டப் பாத்து இருக்கு?"

சாயங்காலத்துக்குள் எல்லாம் செத்துவிட்டன. ஜெயலக்ஷ்மி முறத்தில் வாரி வாழையடியில் புதைத்தாள். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இதுகள் வாயே திறக்காமல் கெட்டுப்போயின.

ஸ்நேஹா தண்ணீர் குடிப்பதில்லை என்பது அதற்கப்புறம்தான் கண்ணில் பட்டது.

பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்தனுப்பும் பாட்டில் அப்படியே திரும்பி வந்தது. சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்த டம்ளர் தளும்பத் தளும்ப நின்றது. ரசம் வேண்டாம், மோர் வேண்டாம், ஜூஸ் வேண்டாம். ஆனால் குளியலறையில் பெரிய பேசினை நிரப்பி உட்கார்ந்தால் அவளை எழுப்ப முடியவில்லை. கதவைத் தட்டித் தட்டி ஓய்ந்து, ஜெயலக்ஷ்மி உள்ளே போனபோது குழந்தை கழுத்துவரை தண்ணீரில் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். பேசினில் தண்ணீர் பாதிக்கு மேல் குறைந்திருந்தது. தரை காய்ந்து கிடந்தது.

"எங்கேடி போச்சு இத்தனை தண்ணி?"

"தெரியலே."

"தாகமா இருக்கா? டம்ளர்ல கொண்டு வரட்டுமா?"

"நேக்குத் தாகமே எடுக்கலேம்மா. தண்ணியிலே ஒக்காந்தாலே போறும். சரியாயிடறது."

ஜெயலக்ஷ்மி அவளைத் தூக்கி வெளியே நிறுத்தினாள். துண்டால் குழந்தையைத் துவட்டினாள். துண்டில் மெல்லிய, ஈரமான, நிறமில்லாத ஏதோ ஒன்று ஒட்டிக்கொண்டு வந்தது. சோப்பு நுரையாக இருக்க வேண்டும். சோப்பு நுரைதான். உதறப் போனாள். அதற்குள் ஸ்நேஹா அதை விரலால் எடுத்து, வெகு இயல்பாக, வாயில் போட்டுக்கொண்டாள்.

பம்பாய்க்கு ஆடிட்டுக்குப் போயிருந்த சாய்நாத் அன்று போன் பண்ணினான். 'வைரலா இருக்கும், டாக்டர்ட்ட காட்டு' என்றான். டாக்டரும் அதையேதான் சொன்னார்; உப்புச் சர்க்கரைத் தண்ணீர் கொடுக்கச் சொன்னார். கொடுத்த தண்ணீரெல்லாம் மூடிய உதட்டில் பட்டு மோவாயில் வழிந்தது. வழிந்த இடத்தில் தோல் அதை உறிஞ்சிக்கொண்டது.

மனசு கேட்காமல் டிபார்ட்மெண்ட் தலைவர் கணேசமூர்த்தியை வீட்டு நம்பரில் கூப்பிட்டாள். லேபுக்கு வந்த தவளைகளைப் பற்றிக் கேட்பதுபோலத்தான் ஆரம்பித்தாள்.

"நீங்களும் கவனிச்சீங்களா மேடம்?" என்றார் அவர். "ஆஸ்திரேலியாவுலயும் பனாமாவுலயும் காட்டுத் தவளைங்க கூட்டம் கூட்டமா சாகுதாம். இந்த வருஷம்தான் காரணம் கண்டுபிடிச்சிருக்காங்க. தோல்ல வர்ற ஒரு பூஞ்சை. தவளை தோலாலதானே தண்ணி குடிக்குது? அங்க அடைச்சுட்டா முடிஞ்சுது. நம்ம தவளைக்கும் அதுதானான்னு தெரியல."

"எப்படி சார் பரவும்?"

"தண்ணி, சேறு, ஈரத் துணி, எதுல வேணாலும் போகும்."

"மனுஷாளுக்கு?"

அவர் சிரித்தார். "சேச்சே. மனுஷங்களுக்கு வராது மேடம். அது தவளை வியாதி."

ரிசீவரை வைத்தாள். மனுஷாளுக்கு வராது. ஜன்னல் வழியாகக் கொடியில் தொங்கிய வெள்ளைக் கோட்டு தெரிந்தது. அதன் நுனியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. ஈரத் துணி.

கிணற்றடிக்கு ஓடினாள். ஒரு வாளி தண்ணீர் இரைத்துத் துவைக்கிற கல்லின்மேல் கவிழ்த்தாள். தண்ணீர் சாக்கடைப் பக்கம் போகவேண்டியது. பாதி போயிற்று, மீதி கல்லுக்கு அடியில் சுழித்து, சிமெண்டு விண்டிருந்த இடத்தில் இறங்கிக் காணாமல் போயிற்று. டொக். டொக். டொக். கிணற்றுக்குள்.

இத்தனை வருஷமாகக் காதில் விழுந்த சத்தம்தான். அது எங்கிருந்து வருகிறது என்று ஒருநாளாவது குனிந்து பார்த்தாளா? வீட்டுக்குள் ஒரு பொட்டு அழுக்கு வரக்கூடாது என்று ஒவ்வொரு நாளும் கழுவிக் கழுவி, கையாலேயே கிணற்றில் கலந்திருக்கிறாள். அந்தக் கிணற்றுத் தண்ணீரில்தான் சாதம் வடிக்கிறாள். அதில்தான் பெண்ணைக் குளிப்பாட்டுகிறாள். 'பாவி, பாவி' என்று தலையில் அடித்துக்கொண்டாள். மனுஷாளுக்கு வராது என்று உடனே சொல்லிக்கொண்டாள். வராது. வராது.

கொல்லைக் கதவைப் பூட்டிச் சாவியை உயர ஆணியில் மாட்டினாள். பேசினைக் கவிழ்த்தாள். கேன் தண்ணீர் வரவழைத்தாள். ஸ்நேஹா அழவில்லை. கட்டிலில் படுத்துக்கொண்டு கொல்லைக் கதவையே பார்த்தாள். தண்ணீர் காட்டாத உடம்பு மளமளவென்று காய்ந்தது. உதடு வெடித்தது, கை மடிப்புகள் காகிதம்போல் சரசரத்தன.

"எரியறதும்மா. என்னைக் கிணத்துலே விடேன்."

"அப்படியெல்லாம் பேசப்படாதுடி கண்ணா. காலையிலே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

ஆனால் காலைவரை பொறுக்கவில்லை. மறுபடி மழை பிடித்து, விளக்கு வைக்கிற நேரத்தில் கரெண்டு போயிற்று. போன் செத்துக் கிடந்தது. வாசலில் எட்டிப் பார்த்தால் சந்து முழுக்கக் கறுப்புத் தண்ணீர், ஆட்டோ வாடையே இல்லை. ஸ்நேஹாவின் நெற்றியைத் தொட்டாள். சூடும் இல்லை, வேர்வையும் இல்லை. இனி ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக்கூடாது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. டார்ச்சை எடுத்துக்கொண்டு நனைந்தபடியே பக்கத்து வீட்டுக்கு ஓடினாள்.

"புள்ளைக்கா? யாத்தே!" தங்கம் பதறினாள். "கடை வண்டி இருக்குல்லா மாமி. இந்தா ஆளனுப்புதேன், அவுக வந்துருவாவ. நீங்க போயி புள்ளையப் போத்தித் தூக்கி வையுங்க."

திரும்பி வந்தாள். வீடு இருட்டாக இருந்தது. ஏதோ ஒரு வாசனை அடித்தது. சாக்குத் தண்ணீரும் பாசியும் கலந்த அந்த லேப் தொட்டி வாசனை, பூஜை அலமாரிவரை வந்திருந்தது.

"ஸ்நேஹா?"

கட்டில் காலி. போர்வை குளிர்ந்து கிடந்தது.

கொல்லைக் கதவு திறந்திருந்தது. சாவி பூட்டிலேயே தொங்கியது. அந்த ஆணி ஜெயலக்ஷ்மிக்கே எக்கினால்தான் எட்டும். சுவரில் டார்ச் அடித்தாள். ஆணிவரைக்கும் சுண்ணாம்பில் ஈரக் கைத்தடங்கள் ஏறியிருந்தன. சின்னக் கைகள். விரல்கள் அகல விரிந்திருந்தன.

மழை இரைந்தது.

கிணற்றுச் சுவர்மேல் ஸ்நேஹா உட்கார்ந்திருந்தாள். குந்தி. முழங்கால்கள் இரண்டு பக்கமும் பரந்து, கைகள் பாதங்களுக்கு நடுவே ஊன்றி. முகம் வீட்டைப் பார்த்து. மழை அவள்மேல் விழுந்தது. விழுந்த துளி எதுவும் வழியவில்லை.

"கண்ணா… அசையாதே. அம்மா வந்துட்டேன். அசையாதேடி."

டார்ச் வெளிச்சத்தில் வெடிப்பில்லை, வறட்சியில்லை. முகம் பளபளவென்று இருந்தது. கண் இமைக்கவில்லை. ஜெயலக்ஷ்மியின் கண் குழந்தையின் மார்புக்குப் போயிற்று. போகாதே என்று தடுத்தாள், போயிற்று. ஈரச் சட்டை ஒட்டிய அந்தச் சின்ன மார்பு ஏறவில்லை. இறங்கவில்லை.

தொண்டை மட்டும் அடித்துக்கொண்டது.

"வா. அம்மாட்ட வா. வண்டி வரது. ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

"இப்போ எரியலேம்மா" என்றாள் ஸ்நேஹா. சமாதானம் சொல்கிற குரல். "நன்னா இருக்கு."

ஒரு அடி. இன்னொரு அடி. பாய்ந்து மணிக்கட்டைப் பிடித்தாள். பிடித்துவிட்டாள்! முருகா, பிடித்துவிட்டாள். இழுத்தாள். குழந்தை கிணற்றுப் பக்கம் சாய்ந்தாள். ஜெயலக்ஷ்மி காலைச் சுவரில் உதைத்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, உள்ள பலமெல்லாம் சேர்த்து இழுத்தாள். கை வந்தது.

கை மட்டும் லேசாக வந்தது.

கீழே தண்ணீர் அறைந்து மூடிக்கொள்ளும் சத்தம்.

மழை. டொக். டொக்.

டார்ச்சைக் கைக்குத் திருப்பினாள். அவள் பிடிக்குள் ஐந்து விரலும் அப்படியே இருந்தன. போன வாரம் அவளே வெட்டிவிட்ட நகங்களோடு. மெல்லிசாக. உள்ளே ஒன்றுமில்லாமல். இன்னும் வெதுவெதுப்பாக.

தெருவில் வண்டியின் ஹாரன் அடித்தது. "மாமி! வண்டி வந்துட்டு! புள்ளையத் தூக்கிட்டு வாங்க!" என்று தங்கம் கூப்பிட்டாள்.

ஜெயலக்ஷ்மி கிணற்றுக்குள் டார்ச் அடித்தாள்.

ஸ்நேஹா முங்கவில்லை. கண்ணும் மூக்கும் மட்டும் தண்ணீருக்கு மேலே. அம்மாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீருக்கு அடியில் அந்தத் தொண்டை, வெள்ளையாக, மெல்ல மெல்ல, உப்பிக்கொண்டே வந்தது.

பிறகு, இத்தனை நாள் கழித்து, கிணறு சத்தம் போட்டது.